வால்வை மாற்றினால் ஒலி மாறுகிறதா? வீட்டிலேயே ஒப்பிட்டுக் கேட்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மாடி அறையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக வால்வு எனும் சூடேறி ஒளிரும் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் செட். ஸ்டீரியோ செட்; சேனலுக்கு ஈசிசி83 என்ற சின்ன வால்வு ஒன்று, ஈஎல்84 என்ற பவர் வால்வு இரண்டு. சித்திரை, வைகாசியில் அந்த அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபேன் ஓடினாலோ ஒரு வால்வுக்கும் இன்னொரு வால்வுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது. அதனால் வால்வுகளை மாற்றி மாற்றிக் கேட்கும் வேலையை விடிகாலை நாலரை மணிக்கு வைத்துக்கொள்கிறேன். ஹைவேயில் எப்போதாவது ஒரு லாரி போகும், மற்றபடி தெரு அடங்கியிருக்கும்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் ஒன்று சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே இதற்கு வந்துவிடும். முல்லார்ட் கம்பெனி வால்வு போட்டால் குரல் இழைகிறது, ரஷ்ய வால்வு வறட்சியாக இருக்கிறது, பழைய பெங்களூர் வால்வுக்கு ஈடே இல்லை. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்பிட்டது வால்வை அல்ல. ஒரு நாள் சாயங்காலத்தையும் இன்னொரு நாள் இரவையும், அல்லது கொஞ்சம் உரத்த சத்தத்தையும் கொஞ்சம் தணிந்த சத்தத்தையும்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வால்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே நிலையில் நிறுத்துவதுதான் இதில் முழு வேலையும். அது முடிந்துவிட்டால் காது தன் பாட்டுக்குச் சொல்லிவிடும்.

முதல் படி: உங்கள் செட்டில் எது எங்கே இருக்கிறது

மேல் மூடியைப் பார்த்தாலே மூன்று வகை வால்வுகள் தெரியும். விரல் உயரத்தில், அடியில் ஒன்பது கம்பிக் கால் உள்ள சிறியவை, சிக்னலை முதலில் பெருக்கும் முன்னணி வால்வுகள். ஈசிசி81, ஈசிசி82, ஈசிசி83 எல்லாம் இந்த வகை. அமெரிக்கப் பெயரில் முறையே 12ஏடி7, 12ஏயு7, 12ஏஎக்ஸ்7. அடுத்து ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள்: ஈஎல்84, ஈஎல்34, 6எல்6, கேடி88 போன்றவை. சில செட்டுகளில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஒன்றும் இருக்கும், ஜிஇசட்34 மாதிரி.

ஒலியில் ஒவ்வொன்றின் பங்கு வேறு. இரைச்சலும் ரீங்காரமும் பெரும்பாலும் முதல் முன்னணி வால்விலிருந்து வரும், ஏனென்றால் அதில் சேரும் சின்ன இரைச்சலைப் பின்னால் உள்ள எல்லா வால்வுகளும் சேர்ந்து பெருக்குகின்றன. கீழ் ஒலியான பாஸின் பிடிமானம், எவ்வளவு சத்தம் வரை திணறாமல் போகும் என்பதெல்லாம் பவர் வால்வும், அதை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டு பவர் வால்வுகள் மாறி மாறி இழுக்கும் செட்டில் இரண்டுக்கும் எதிர்க்கட்டத்தில் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் வால்வு ஒன்று இருக்கும். அந்த வால்வின் இரண்டு பாதிகளும் ஒத்துப்போக வேண்டுமா என்பது சர்க்யூட்டைப் பொறுத்தது. என் செட்டில் அரை வால்வே பிரித்துவிடுவதால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒரு பங்கைத் திருப்பி முன்னால் அனுப்பும் நெகட்டிவ் ஃபீட்பேக் உங்கள் செட்டில் எவ்வளவு இருக்கிறது? அது அதிகமாக இருந்தால் வால்வுக்கு வால்வு உள்ள வித்தியாசத்தையும் அதுவே அழுத்திவிடும். ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு செட்டில், உதாரணமாக 300பி என்ற பவர் வால்வு போட்ட செட்டில், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரே வால்வைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, செட்தான் வேறு.

இரண்டாம் படி: எதற்குப் பதிலாக எதைப் போடலாம்

கால்கள் பொருந்துகின்றன என்பதற்காக எதையும் எங்கும் செருகிவிடக் கூடாது. ஈசிசி83-இன் பெருக்கும் திறன் 100. ஈசிசி81-க்கு 60. ஈசிசி82-க்கு 20-க்கும் கீழே. மூன்றுக்கும் கால் வரிசை ஒன்றுதான், வால்வை உள்ளிருந்து சூடாக்கும் கம்பியான ஃபிலமென்டுக்கு வேண்டிய கரன்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஈசிசி83-க்கென்று போட்ட ரெசிஸ்டர்களோடு ஈசிசி82-ஐப் போட்டால் அது தனக்கு வேண்டிய கரன்ட் கிடைக்காமல் ஓடும். சத்தமும் வெகுவாகக் குறையும். அப்போது காதில் விழுவது ஈசிசி82-இன் குணம் இல்லை, பட்டினி கிடக்கும் ஒரு வால்வின் குணம். ஈசிசி82 இருந்த இடத்தில் ஈசிசி83 போட்டாலும் பல சர்க்யூட்டுகளில் அதனால் தேவையான கரன்டைத் தர முடியாது.

ஆகவே ஒரே வகையில் வேறு வேறு தயாரிப்புகளை ஒப்பிடுவதுதான் சரியான ஒப்பீடு. ஈசிசி83-க்கு உறவான ஒரு வால்வை மட்டும் நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்: 5751. பெருக்கும் திறன் 70. ஃபிலமென்டுக்கு 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியருக்குப் பதில் 350 கேட்கும். பெரும்பாலான ட்ரான்ஸ்ஃபார்மர்கள் அதைத் தாங்கும்.

ஈசிசி88-ஐ மட்டும் இந்தக் குடும்பத்தோடு கலக்காதீர்கள். அதற்கும் ஒன்பது கால்தான், தோற்றமும் அதேதான். ஆனால் அதன் ஃபிலமென்ட் நான்காவது, ஐந்தாவது கால்களுக்கு நடுவே 6.3 வோல்ட்டுக்கு அமைந்தது. ஒன்பதாவது கால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் போகிறது. ஈசிசி83-இல் ஒன்பதாவது கால் ஃபிலமென்டின் நடுமுனை. 6.3 வோல்ட்டுக்கு இணைத்த ஈசிசி83 சாக்கெட்டில் நான்கும் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதில் ஈசிசி88 போட்டால் வால்வு எரியவே எரியாது. ஈசிசி88 சாக்கெட்டில் ஈசிசி83 போட்டால் பாதி வோல்டேஜில் மங்கலாக எரியும். மங்கலாக எரிவதைப் பார்த்து வால்வு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

மூன்றாம் படி: கை பத்திரம்

வால்வு செட்டுக்குள் 300 முதல் 450 வோல்ட் டிசி சாதாரணமாக ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ஸ்பீக்கர் முனையில் அளப்பதற்கும் மேலே வால்வு மாற்றுவதற்கும் அடி மூடியைத் திறக்கத் தேவையில்லை. திறக்க வேண்டிய வேலை வந்தால், கண்டன்சரில் மல்டிமீட்டர் வைத்து சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். அனுபவம் இல்லையென்றால் பழைய வால்வு ரேடியோ பார்த்த சர்வீஸ்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் மைக் செட் வேலை பார்த்த பெரியவர்களில் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டாதீர்கள். சிக்னல் போகும்போது சுமை இல்லையென்றால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்சுற்று எரிந்துவிடக்கூடும். வால்வுகூடக் கடையில் கிடைக்கும், அந்தப் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது.

வால்வு மாற்றும்போது செட்டை அணைத்துப் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். பிறகு கண்ணாடியை அடியில் பிடித்து, மிக லேசாக வட்டமாக அசைத்து, நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் ஒன்பது கால் வால்வில் கால் நுழையும் இடத்தில் கண்ணாடி விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே காற்று புகுந்தால் தலையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். அப்படி வெளுத்த வால்வு முடிந்துபோன வால்வு.

நான்காம் படி: கரன்ட், ஃபேன், இன்வெர்ட்டர்

எந்த வழிகாட்டியிலும் இது சரியாகச் சொல்லப்படுவதில்லை. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் மே மாதம் இரவு எட்டு மணிக்கு மல்டிமீட்டர் வைத்தால் 205 வோல்ட் காட்டும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம் அது. விடிகாலை நாலரைக்கு 240-ஐத் தாண்டும். வால்வு செட்டின் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 230-ம் ஒன்றுதான், 205-ம் ஒன்றுதான். உள்ளே வந்ததை அதே விகிதத்தில் வெளியே தரும். 230-இல் 6.3 வோல்ட் கிடைக்கும் ஃபிலமென்டுக்கு 205-இல் 5.6 வோல்ட்தான் கிடைக்கும். 250 வந்தால் 6.85. ஃபிலமென்டுக்குப் பொதுவாக 10 சதவீதம் மேலே கீழே அனுமதி உண்டு, அதாவது 5.7 முதல் 6.9 வரை. ஆக ஒரே நாளில் நம் செட் அந்த எல்லையின் கீழ் ஓரத்துக்கும் கீழே இறங்கி, மேல் ஓரத்தை நோக்கியும் ஏறிவிட்டு வருகிறது. ஃபிலமென்டோடு சேர்ந்து ப்ளேட் வோல்டேஜும், அதாவது வால்வுக்குள் இருக்கும் தகட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜும், ஏறி இறங்குகிறது. சாயங்காலம் மந்தமாக இருந்த செட் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் உயிர் வந்த மாதிரி பாடுகிறது என்று பலர் சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே, முதல் வால்வைக் கேட்கத் தொடங்கும் முன் ப்ளக் பாயின்டில் வோல்டேஜை அளந்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த வால்வுக்குப் போகும்போது மறுபடி அளக்கவும். ஐந்து வோல்ட்டுக்கு மேல் மாறியிருந்தால் அன்றைய ஒப்பீட்டை நிறுத்திவிடுங்கள். டிவிக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் வாங்கும் ரிலே வகை ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது, அது படிப்படியாகத் தாவும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே டக்கென்று ஒரு படி மாறும். மோட்டார் வைத்து மெதுவாகச் சரிசெய்யும் செர்வோ ஸ்டெபிலைசர் பரவாயில்லை. அதைவிட நல்லது, வோல்டேஜ் அதிகம் ஆடாத விடிகாலை நேரம்.

கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒப்பிடவே வேண்டாம். மின் அலையைச் சதுரமாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வால்வு செட்டின் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும், ஸ்பீக்கரிலும் ஒரு கரகரப்பு சேரும். செட்டையே அணைத்துவிடுவது நல்லது.

ஃபேன் ஓடும்போது காற்றின் இரைச்சல் ஒரு பக்கம். அதைவிட மோசம், அதன் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். பழைய பெட்டி ரெகுலேட்டர் ரெசிஸ்டர் வைத்து வேகத்தைக் குறைத்தது. இன்றைய சின்னத் திருகு ரெகுலேட்டர்களில் பல, ஏசி அலையை நடுவில் வெட்டி வெட்டிக் கொடுப்பவை. அந்த வெட்டு ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் செட்டுக்குள் வந்து ஸ்பீக்கரில் 'ஸ்ர்ர்' என்று கேட்கும். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். இரண்டு வாரம் ஓர் ஈசிசி83-ஐக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வால்வின்மேல் தப்பே இல்லை.

ஐந்தாம் படி: வால்வைச் சோதித்துத் தயார் செய்வது

ஒப்பிடப் போகும் வால்வுகள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கால்கள் கறுத்திருந்தால் மெல்லத் துடையுங்கள். செட்டில் மாட்டி, பாட்டு எதுவும் போடாமல், வால்யூமை வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டுங்கள். மெல்லிய 'டொக்' வந்தால் பரவாயில்லை. வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல ரீங்கரித்து நீண்டால் அந்த வால்வுக்குள் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. அது ஸ்பீக்கரின் அதிர்வையே மறுபடி எடுத்துப் பாட்டோடு கலக்கும். சிலருக்கு இந்தக் கலப்படம் முதலில் 'இடம் விரிந்த மாதிரி' இனிமையாகக்கூடத் தோன்றும். அது பாட்டில் இல்லாதது.

அடுத்து இரைச்சல். ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சீறலா, 'ம்ம்ம்' என்ற உறுமலா, இடையிடையே வெடிக்கும் சத்தமா என்று தனித்தனியாக எழுதுங்கள். உண்மையைச் சொன்னால், முன்னணி வால்வுகளில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எப்போதும் கேட்கக்கூடிய வித்தியாசம் இதுதான். வால்வுக்காகச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதியை, இரைச்சல் குறைவாகத் தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு நல்ல முதல் வால்வுக்குக் கொடுப்பேன்.

கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய நீலம் படர்ந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், பவர் வால்வுகளில் அது சகஜம். தகடுகளுக்கு நடுவே ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒளி வந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. தகடே சிவக்க ஆரம்பித்தால் அந்த நொடியே செட்டை அணையுங்கள்.

ஒவ்வொரு வால்வையும் மாட்டிய பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டும். புது வால்வு என்றால் முதலில் ஒரு வாரம் சும்மா பாட்டுக் கேட்டு ஓட்டிவிட்டு அப்புறம் ஒப்பீட்டுக்கு எடுங்கள்.

ஆறாம் படி: சத்தத்தைச் சமன் செய்வது

இதைச் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே இல்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

இரண்டு ஒலிகளில் ஒன்று மயிரிழை உரக்க இருந்தால் காதுக்கு அது 'உரக்க' என்று தெரியாது. 'தெளிவாக', 'நெருக்கமாக', 'உயிரோடு' என்றுதான் தெரியும். 5751-ஐ முதன்முதலில் மாட்டியபோது எனக்கு நடந்தது அதுதான். ஈசிசி83-க்குப் பக்கத்தில் அது சோர்ந்து தெரிந்தது. வீணையின் மீட்டு பின்னால் போய்விட்டது என்று நோட்டில் எழுதினேன். மூன்று மாதம் அது டப்பாவில் கிடந்தது. பிறகு அளந்தேன். அதே வால்யூம் இடத்தில் ஈசிசி83-க்கு ஸ்பீக்கர் முனையில் 2.00 வோல்ட் வந்தது. 5751-க்கு 1.78. அது ஒரு டெசிபல் குறைவு. வால்யூமை ஏற்றி 5751-க்கும் 2.00 வோல்ட் வைத்துக் கேட்டபோது வீணை தன் இடத்துக்கு வந்துவிட்டது.

செய்முறை இதுதான். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ தயார் செய்துகொள்ளுங்கள். ஃபோனின் வால்யூமை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் தொடவே தொடாதீர்கள். 400 எதற்கென்றால், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல அதிக ஹெர்ட்ஸில் ஏசியைச் சரியாக அளக்காது. ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். முதல் வால்வுக்கு 2.00 வோல்ட் வரும்படி ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது அரை வாட், வீட்டில் கேட்பதற்குப் போதுமான சத்தம். வால்வை மாற்றி, சூடேறியதும், அதே ஒலியைப் போட்டு மறுபடி 2.00-க்கு வாருங்கள். 1.98-இலிருந்து 2.02-க்குள் இருந்தால் வித்தியாசம் பத்தில் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும், காது ஏமாறாது. இரண்டு சேனலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வால்யூம் திருகு பழையது என்றால் இடது வலது சமமாக ஏறாது. இடமும் வலமும் மாறினால் பாடகர் ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார், அதையும் வால்வின் குணம் என்று எழுதிவிடுவோம்.

ஏழாம் படி: எதைக் கேட்பது

பத்துப் பாட்டு வேண்டாம். மூன்று துண்டுகள் போதும், ஒவ்வொன்றும் நாற்பது நொடி. நன்றாகத் தெரிந்த ஒலியாக இருக்க வேண்டும். செட்டில் மட்டும் கேட்ட ஒலியைவிட நேரில் கேட்டுப் பழகிய ஒலி நல்லது.

எனக்கு முதலில் நாகஸ்வரம். அதன் ஒலியில் மேல் ஸ்வரங்கள் நிறைய அடுக்கியிருக்கும், ஆம்ப்ளிஃபையர் கொஞ்சம் திணறினாலும் அந்த அடுக்கு கூர்மையாகிக் காதைக் குத்தும். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கல் மண்டபத்தில் நின்று நாகஸ்வரம் கேட்ட காதுக்கு எது இயல்பான உரப்பு, எது செட் போடும் கூச்சல் என்று பிரித்துச் சொல்லத் தெரியும். கோயில் இல்லாத இடத்தில் கல்யாண வீட்டில் கேட்டிருந்தாலும் போதும்.

இரண்டாவது, ஒரு பெண் குரல், தம்புராவோடு, மெதுவாக. குரலைவிடத் தம்புராவை கவனியுங்கள். நான்கு தந்தியும் மீட்டி முடிந்தபிறகு ஒலி எவ்வளவு நேரம் தெரிந்து எங்கே மறைகிறது? இரைச்சல் உள்ள வால்வில் அது சீக்கிரம் மறைந்துவிடும். இதை நொடிக் கணக்கில்கூட எழுதலாம்.

மூன்றாவது தவில் அல்லது மிருதங்கம். தொப்பி பக்கத்து அடி விழுந்ததும் நிற்கிறதா, இழுக்கிறதா? இது முன்னணி வால்வுக்கான கேள்வி அல்ல, பவர் வால்வுக்கானது. வால்வு செட்டுகளின் வெளிமுனைத் தடை பெரும்பாலும் ட்ரான்சிஸ்டர் செட்டுகளைவிட அதிகம். அதனால் ஸ்பீக்கரின் கோனை அவை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. எவ்வளவு தளர்வு என்பது வால்வையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே தெரியும். நண்பர் வீட்டில் கேட்டதை வைத்து உங்கள் வீட்டுக்கு வால்வு வாங்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

எட்டாம் படி: எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது

விலை தெரிந்த வால்வு எப்போதும் நன்றாகப் பாடும். அதனால் வேறு ஒருவர் மாற்ற வேண்டும், கேட்பவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் வீட்டில் அக்கா பையன் இதைச் செய்கிறான். செட்டுக்கு முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டு, நாணயம் சுண்டிப் பார்த்து, பூவா தலையா வந்ததற்கேற்ப வால்வைப் போடுவான். அதே வால்வே மறுபடி வந்தாலும் கழற்றி மாட்டுவான், சத்தத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. மல்டிமீட்டரையும் அவனே பார்ப்பான்.

முதல் தடவை பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய ஈசிசி83-ஐயும், இப்போது ஸ்லோவாக்கியாவில் ஜேஜே செய்யும் ஈசிசி83-ஐயும் வைத்துக்கொண்டோம். பழையது எதுவென்று அடையாளம் சொல்ல வேண்டும். ஒரு காலையில் இரண்டு தடவைதான் செய்ய முடியும், ஆறவும் சூடேறவும் அவ்வளவு நேரம் ஆகிறது. ஐந்து நாள் ஆனது. கடைசி நாள் அவன் நோட்டைத் திறந்து காட்டினான்.

"இன்னா மாமா, பத்து தபால ஆறு தபா கரெக்டா சொல்லிக்கிறீங்க."

"ஆறா? நல்லாத்தானே இருக்கு?"

"காசு சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும் மாமா."

அவன் சொன்னது சரி. பத்தில் ஏழு சரியாகச் சொன்னால்கூட, வெறும் குருட்டாம்போக்கில் ஏழோ அதற்கு மேலோ வருவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டுக்கு ஏறத்தாழ பதினெட்டில் ஒன்று. ஒன்பது வந்தால் நூற்றில் ஒன்று, அப்போது நம்பலாம். நான் அந்த இரண்டு வால்வுகளையும் பற்றி முன்பு எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை அன்றைக்கே கோடு போட்டு அடித்தேன். ஆனால் அதே முறையில் இரைச்சல் உள்ள ஓர் ஈசிசி83-ஐ வைத்தபோது பத்துக்குப் பத்து. தம்புரா மறையும் இடமே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒலி நினைவு சில நொடிகளுக்குமேல் துல்லியமாக நிற்காது என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளிலிருந்து 10,000 ஓம், 1,000 ஓம் ரெசிஸ்டர்களால் சிக்னலை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கம்ப்யூட்டரின் ஆடியோ இன்டர்ஃபேஸில் 24 பிட்டில் பதிவு செய்யலாம். ஸ்பீக்கரின் கறுப்பு முனை செட்டின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பதிவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனில் மாறி மாறிக் கேட்டால் நொடியில் தாவலாம். எது எந்த வால்வின் பதிவு என்று தெரியாமல் அப்படிக் கேட்கும்போதும் தெரியும் வித்தியாசம் உண்மையானது.

ஒன்பதாம் படி: பவர் வால்வுகள்

இங்கே வித்தியாசம் பெரிது, வேலையும் பெரிது. ஈஎல்34 நடுப்பகுதி ஒலிகளை முன்னால் கொண்டுவரும், கேடி88 கீழ்ப்பகுதியில் கெட்டி என்பது பரவலான கருத்து. காட்பாடியில் ஒரு நண்பரின் செட்டில் இரண்டையும் கேட்டபோது தவில் துண்டில் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னேன். கேடி88-இல் அடி இறுகி நின்றது. நாகஸ்வரத்தில் எனக்கு ஈஎல்34-தான் பிடித்தது, காரணம் அந்த மேல் அடுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது.

ஆனால் இந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. ஈஎல்34 ஃபிலமென்டுக்கு 1.5 ஆம்பியர், கேடி88-க்கு 1.6. நான்கு வால்வு என்றால் 0.4 ஆம்பியர் கூடுதல். உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? கிரிட்டில், அதாவது வால்வுக்குள் கரன்டைக் கட்டுப்படுத்தும் வலையில், இருக்கும் ரெசிஸ்டர் புது வால்வுக்கு ஏற்றதா? 6எல்6 இருந்த சாக்கெட்டில் ஈஎல்34 போடுவதென்றால் முதல் கால் எங்கே இணைந்திருக்கிறது? ஈஎல்34-இல் அது சப்ரஸர் கிரிட் எனும் இன்னொரு வலை, எட்டாவது காலோடு சேர்த்திருக்க வேண்டும்.

பாட்டு ஓடாதபோது வால்வில் எவ்வளவு கரன்ட் ஓட வேண்டும் என்று வைப்பதுதான் பயாஸ். அதைச் சரிசெய்யும் திருகு உள்ள செட் என்றால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பயாஸ் வைத்தே தீர வேண்டும். கணக்கு எளிது. ஈஎல்34-இன் ப்ளேட் அதிகபட்சம் 25 வாட் தாங்கும். அதில் 70 சதவீதத்தில் நிறுத்துவது பழக்கம், அதாவது 17.5 வாட். ப்ளேட் வோல்டேஜ் 400 என்றால், 17.5-ஐ 400-ஆல் வகுத்தால் 0.0437. கிட்டத்தட்ட 44 மில்லிஆம்பியர். வால்வுக்குள் கரன்ட் புறப்படும் முனையான கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மல்டிமீட்டரில் 44 மில்லிவோல்ட் என்று நேராகவே படிக்கலாம். கேத்தோடில் ஸ்க்ரீன் எனும் இன்னொரு வலைக்குப் போகும் கரன்டும் சேர்ந்து வரும் என்பதால் ப்ளேட்டுக்குப் போவது அதைவிடக் கொஞ்சம் குறைவு, அது பாதுகாப்பான பக்கத்தில்தான் தவறும். இரண்டு வேறு தயாரிப்பு ஈஎல்34-களை ஒரே பயாஸில் வைத்துக் கேட்டால், வைக்காமல் கேட்டபோது இருந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போய்விடும்.

என் ஈஎல்84 செட் தானே பயாஸ் வைத்துக்கொள்ளும் வகை. திருகு இல்லை. அதற்கும் ஜோடி பொருந்திய வால்வுகள்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்கமும் கரன்ட் சமமாக ஓடாது, பாஸ் மெலியும்.

ரெக்டிஃபையர் வால்வைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜிஇசட்34-இல் வோல்டேஜ் குறைவாகவே விழும், 5யு4-இல் அதைவிட அதிகம் விழும். அதை மாற்றினால் செட் முழுவதற்கும் போகும் வோல்டேஜ் மாறும், பயாஸும் சேர்ந்து மாறும். 5யு4-இன் ஃபிலமென்ட் 3 ஆம்பியர் கேட்கும், ஜிஇசட்34-க்கு 1.9 போதும். இதைப் பார்க்காமல் மாற்றுவதால் ட்ரான்ஸ்ஃபார்மர் சுடும்.

வாங்கும்போது

பேரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இன்று முல்லார்ட், டங்சால், கோல்ட் லயன் என்று புதிதாக வரும் வால்வுகள் ரஷ்யாவில் சரடோவில் செய்யப்படுபவை. மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் பிளாக்பர்னில் செய்த பழைய முல்லார்டின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

நான் ஒருமுறை 'பழைய முல்லார்ட்' என்று ஒரு ஜோடி ஈசிசி83 வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்ததும் போய்விட்டது. எழுத்து அழிவது மட்டும் குற்றமில்லை, உண்மையான பழைய வால்விலும் அது அழியும். ஆனால் கண்ணாடியின் அடிப்பக்கம் அரித்து எழுதிய மங்கலான குறி இருக்க வேண்டும். பிளாக்பர்ன் வால்வில் இரண்டாவது வரி பி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், குறியே இல்லை. டெலிஃபுங்கன் என்றால் கால்களுக்கு நடுவே கண்ணாடியில் ஒரு வைர வடிவம் புடைத்திருக்கும். அச்சு எழுத்தை நம்பாமல் இந்த அடையாளங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்க வேண்டாம்.

நேரில் பார்த்து வாங்க விரும்பினால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வரலாம். வால்வு கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம், ஆனால் ஒன்பது கால் சாக்கெட், 1 ஓம் ரெசிஸ்டர், நல்ல மல்டிமீட்டர் எல்லாம் அங்கே நிச்சயம் கிடைக்கும். வீட்டில் பழைய மர்ஃபி, புஷ், ஃபிலிப்ஸ் வால்வு ரேடியோ பரணில் கிடந்தால் அதையும் பாருங்கள். பலவற்றில் ஈஎல்84 இருக்கும். ஆனால் ரேடியோ பழுதில்லாமல் ஓடினால் அதிலிருந்து பிடுங்காதீர்கள்.

கடைசிப் படி

தேர்ந்தெடுத்த வால்வை மாட்டிவிட்டு நோட்டை மூடி வையுங்கள். ஒரு மாதம் எதையும் ஒப்பிடாமல் பாட்டுக் கேளுங்கள். பிறகு ஒரு விடிகாலை, வோல்டேஜ் பார்த்து, 2.00 வோல்ட் வைத்து, பழைய வால்வை மறுபடி மாட்டிக் கேளுங்கள். ஒரு மாதம் பழகிய காதுக்கு ஏதாவது குறைகிறதென்றால் அது அந்த முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் பழைய வால்வே இருக்கட்டும். புதியதைத் துணியில் சுற்றி, மாட்டிய தேதியையும் கழற்றிய தேதியையும் டப்பாவின்மேல் எழுதி வையுங்கள்.